ஜெராக்ஸ் அக்காவின் இருபத்துநான்கு சொற்கள்

ஒரு நாளைக்குச் சுமார் ஆயிரத்து இருநூறு பக்கம். இப்படிப் பத்தொன்பது வருடம். ஜெராக்ஸ் அக்காவின் கையைத் தாண்டிப் போன தாள்கள் அத்தனை. அவற்றில் பாதியையாவது அவர் படித்திருக்கிறார். மூடியைத் தூக்கித் தாளைக் குப்புறப் போடுவதற்குள் நாலு வரி மேய்ந்துவிடுவார். வாடகை ஒப்பந்தத்தில் எந்த வரி ஆளைக் கவிழ்க்கும், எக்ஸ்ரே அறிக்கையில் எந்த வார்த்தைக்குப் பயப்பட வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

கடை எட்டடிக்குப் பத்தடி. இரண்டு மெஷின், ஒரு லேமினேஷன் பெட்டி, ஸ்பைரல் போடும் கருவி, ஆள் ஒருக்களித்துப் போகும் அளவுக்கு இடம். அக்காவுக்கு வயது நாற்பத்தேழு. வீட்டுக்காரர் நகரப் பேருந்து ஓட்டுநர். மகள் வெளியூர் விடுதியில் தங்கி பிசியோதெரபி படிக்கிறாள். தெருவே அவரை அக்கா என்கிறது. மாதம் ஒருமுறை மெஷினைச் சுத்தம் செய்ய வரும் மெக்கானிக் அவரைவிட ஆறு வயது மூத்தவர். அவருக்கும் அக்காதான்.

பிட்காயின் அவருக்கு அறிமுகமானதும் மெஷினின் கண்ணாடித் தட்டின் மேல்தான். ஏழு வருடம் முன்னால் ஒரு கல்லூரி மாணவி பிட்காயின் பற்றிய எண்பத்துநாலு பக்க ஆய்வேட்டை நகல் எடுத்து ஸ்பைரல் போடக் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் அக்கா முழுதும் படித்துவிட்டு, "நாப்பதாம் பக்கம் தலைகீழா இருக்கும்மா, மத்தபடி நல்லா எழுதியிருக்க" என்றார். அடுத்த மாதம் முதல், இரண்டு கட்டுத் தாள் வாங்கும் பணத்துக்கு பிட்காயின் வாங்கிப் போட ஆரம்பித்தார். ஒரு மாதம்கூட விட்டதில்லை. கடைக்குச் சொந்தக்காரர் இடத்தை விற்கப் போவதாகப் போன வருடம் சொன்னபோது உட்கார்ந்து பார்த்தார். விலையில் பாதிக்கு மேல் அதிலேயே தேறியது. மீதிக்கு வங்கி இருக்கிறது. கடை அவருடையதாகிவிடும்.

ஆனால் அத்தனையும், காயினை வாங்கி விற்கும் இணையச் சந்தையான ஒரு எக்ஸ்சேஞ்சின் கையில் கிடந்தது. ஒருநாள் ஒரு பெரியவர் புகார் மனு ஒன்றை நாற்பது நகல் எடுக்க வந்தார். வேறொரு எக்ஸ்சேஞ்ச் ஒரே இரவில் கதவைச் சாத்திக்கொண்டது, எங்கள் காயின் எங்கே என்று கேட்கிற மனு. வழக்கம்போல நாலு வரியில் தொடங்கிய அக்கா நாற்பது நகலும் வந்து விழுவதற்குள் மனு முழுவதையும் படித்துவிட்டார். அன்று மாலையே வீட்டில் அறிவித்தார்: "ஹார்டுவேர் வாலட் வாங்கறேன்."

வீட்டுக்காரர் போனில் படத்தைப் பார்த்தார். "பென் டிரைவுக்கா இவ்ளோ விலை?"

"காயின் இதுக்குள்ள இருக்காதுங்க. சாவி மட்டும்தான் இருக்கும். நெட் பக்கமே போகாத சாவி."

"தொலைஞ்சு போச்சுன்னா?"

"ஆரம்பத்துலயே இருபத்துநாலு வார்த்தை குடுக்கும். அதை எழுதி வச்சுக்கணும். வேற ஒண்ணு வாங்கி அந்த வார்த்தைங்களப் போட்டா எல்லாம் திரும்பி வந்துடும்."

"அப்ப உன் சொத்தே ஒரு பேப்பர்தான். நல்ல ஆளாப் பாத்துத்தான் குடுக்கறாங்க."

மூன்று கருவிகள் இறுதிச் சுற்றுக்கு வந்தன. மூன்றின் கையேடுகளையும் அச்சடித்து, ஸ்பைரல் போட்டு, பேனாவால் கோடு போட்டுப் படித்தார். மகள் சொன்னது ப்ளூடூத் உள்ளது. "போன்லயே பாத்துக்கலாம்மா, ஈஸி." அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "நம்ம பிரிண்டர்ல ப்ளூடூத் வச்சோம். பக்கத்துக் கடைக்காரரோட கல்யாண போட்டோ பதினாறு வந்து விழுந்துச்சு. ஞாபகம் இருக்கா?" ப்ளூடூத்தில் சாவி வெளியே போகாது என்று மகள் எவ்வளவோ விளக்கினாள். பதினாறு போட்டோவின் முன் எதுவும் எடுபடவில்லை.

வீட்டுக்காரர் கண்டுபிடித்தது பழைய பொருள் விற்கும் தளத்தில், பாதி விலைக்கு. "வார்த்தை எழுதின கார்டையும் அவங்களே சேத்துத் தராங்களாம். உனக்கு வேலை மிச்சம்."

"ஐயோ, உங்களுக்கு பஸ்ஸைக் குடுத்திருக்காங்களே! எழுதினவன் ஒரு காப்பி வச்சுக்க மாட்டானா?"

கடைசியில் தேறியது மூன்றாவது. இரண்டு பொத்தான், ஒரு வயர், காயின் போய்ச் சேர வேண்டிய முகவரி எண்ணை முழுதாகக் காட்டுகிற திரை. தயாரித்தவர்களிடமே நேராக வாங்கினார். எந்த மெஷின் வந்தாலும் வேண்டுமென்றே தாளைச் சிக்க வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அக்கா வேலைக்கு எடுப்பார். இதற்கும் அதே சோதனை நடந்தது. மதியம் கூட்டமில்லாத நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கருவி காட்டிய சொற்களைப் பென்சிலால் ஓர் அட்டையில் எழுதினார். துளியூண்டு பிட்காயினை அதற்கு அனுப்பினார். பிறகு வேண்டுமென்றே ரகசிய எண்ணைத் திரும்பத் திரும்பத் தப்பாகப் போட்டுக் கருவியில் இருந்ததை அழித்தார். சொற்களைப் போட்டதும் துளி திரும்பி வந்தது. திருப்தி. மொத்தத்தையும் மாற்றினார்.

பிறகு அட்டையைக் கண்ணாடியில் குப்புறப் போட்டு, மூடியை இறக்கி, இரண்டு நகல் எடுத்து, லேமினேஷனும் போட்டுவிட்டார். செய்கிறோம் என்ற நினைப்புகூட அவருக்கு இல்லை.

ஒன்பது நாள் கழித்து மெக்கானிக் வந்தார். மெஷின் மந்தமாக இருந்தது. பின்பக்க மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "ஹார்ட் டிஸ்க் போற நிலைமையில இருக்குக்கா. புதுசு போட்டுடறேன். பழசை ஆபீஸ்ல குடுத்துடுவேன்" என்றார்.

"அதுல என்ன இருக்கும்?"

"எல்லாம்தான். நீங்க எடுத்த காப்பியோட படமெல்லாம் கொஞ்ச நாளைக்கு உள்ளயே கிடக்கும்."

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னக்கா, மயக்கமா?"

"ஒண்ணுமில்ல. டிஸ்க்குல கை வைக்காதீங்க. இன்னிக்கு வேணாம். நான் கூப்பிடறேன்." மெக்கானிக் குழப்பத்தோடு பையைத் தூக்கிக்கொண்டு போனார். மெஷின் நெட்டிலும் இணைந்திருந்தது. அக்கா முதலில் அதன் எல்லா வயரையும் பிடுங்கினார், அப்புறம் வீட்டுக்காரருக்குப் போன் போட்டார்.

"ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிட்டு நானே அந்த வார்த்தைங்களக் காப்பி எடுத்து மெஷினுக்குள்ள வச்சிருக்கேங்க."

 "பத்தொம்போது வருஷமா அதையே செய்யற கை வேற என்னடி செய்யும்? அழாத. ஷிப்ட் முடிஞ்சுது, வரேன்."

வழி ஒன்றுதான். புதுச் சொற்களை உண்டாக்கி எல்லாவற்றையும் அதற்கு மாற்ற வேண்டும். இருப்பதோ ஒரே கருவி. அழித்து, புதுச் சொற்களும் முகவரியும் எடுத்து, மறுபடி அழித்து, பழைய சொற்களைப் போட்டு, புது முகவரிக்கு அனுப்பி, மூன்றாவது தடவையும் அழித்துப் புதுச் சொற்களைப் போட வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை அழித்துப் பார்த்திருந்ததால் அக்காவின் கைக்கு வரிசை தெரிந்திருந்தது.

சீருடையோடு வந்த வீட்டுக்காரர் ஷட்டருக்கு வெளியே நின்றுகொண்டார். "மெஷின் ரிப்பேர். எப்ப சரியாகுமா? அது எங்க வீட்டுக்காரம்மா மனசைப் பொறுத்தது." பாஸ்போர்ட் நகல் கேட்ட பெண்ணை அடுத்த தெருவுக்கு அனுப்பினார். ஒருவரிடம் பேருந்து நேரம் சொன்னார். நடுநடுவே உள்ளே எட்டிப் பார்த்து, "போச்சா?" என்பார்.

"வாயைக் கழுவுங்க. போய்ச் சேந்துச்சான்னு கேளுங்க."

"சரி, போய்ச் சேந்துச்சா?"

"இன்னும் இல்ல."

நாலு மணி பத்து நிமிடத்துக்குச் சேர்ந்தது. அக்கா புது முகவரியில் இருந்ததைக் கடைசி எண் வரை இரண்டு தடவை வாசித்தார். அனுப்பும் கட்டணம் போக ஒன்றும் குறையவில்லை. வீட்டுக்காரர் உள்ளே வந்து, ஒருக்களித்து நின்று, அவர் தலையில் கை வைத்தார். "கடை நம்மளது" என்றார். "இன்னும் கையெழுத்தே ஆகலைங்க" என்றார் அக்கா, மூக்கைத் துடைத்துக்கொண்டு.

புதுச் சொற்கள் இரண்டு அட்டையில் இருக்கின்றன. இரண்டையும் கையாலேயே எழுதியிருக்கிறார். ஒன்று வீட்டில், ஒன்று வங்கிப் பெட்டகத்தில். பழைய சொற்களால் இனி எதையும் திறக்க முடியாது; டிஸ்க்கை மெக்கானிக் எடுத்துப் போகலாம். கடையின் விற்பனைப் பத்திரம் அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி காலை பத்தரை மணிக்குக் கையெழுத்தாகிறது.