பித்தளை வில்லையில் ஐந்து ரூபாய் மொய்

யுத்த காலத்தில் சில்லறைக்குப் பெரும் பஞ்சம். காலடிப்பேட்டையில் எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர் தெற்கத்திக்காரர். அரையணா மீதி தரவேண்டி வந்தால், தராசுப் படம் அடித்த பித்தளை வில்லை ஒன்றைத் தருவார். அதைத் திருப்பிக் கொடுத்தால் சாமான் கிடைக்கும். யுத்தம் முடிந்ததும், சேர்த்துவைத்த வில்லைகளோடு அம்மா அரிசி வாங்கப் போனாள். நானும் கூடப் போனேன்.

"ஒம் புருசன் பட்டறைலதான வேல பாக்கான்? அங்க அடிச்சதா இது?" என்று வில்லைகளைத் தள்ளிவிட்டார் கடைக்காரர், கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது.

அப்பா வார்ப்புப் பட்டறைக்காரர். அங்கிருந்து ஓர் ஆணியைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. அன்றிலிருந்து தெருவுக்கு அவர் கள்ளக்காசு அடித்தவர். அவர் எப்போதும்போலப் பட்டறைக்குப் போய்வந்தார். பொறுத்தார் பூமியாள்வார் என்றாள் அம்மா. எனக்குப் பூமி வேண்டாம், அந்த ஆள் முகம் கறுக்க வேண்டும்.

தீப்பெட்டி ஆலையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, வீடு வீடாக அந்த வில்லைகளைத் தேடினேன். ஒரு வீட்டில் கூரை ஆணிக்கு வாஷராக இருந்தது. ஒருத்தி ஓட்டை போட்டுப் பிள்ளையின் அரைஞாணில் கட்டியிருந்தாள். கெஞ்சியும் நெத்திலி கொடுத்தும் வாங்கினேன். எல்லாவற்றிலும் தராசின் இடது தட்டு கோணல். ஒரே அச்சு, அம்மாவிடம் இருந்தவற்றிலும் அதே கோணல். சில வருஷத்தில் ஐந்து ரூபாய்க்குச் சேர்ந்தது.

தன் மகள் கல்யாணத்துக்குக் கடைக்காரர் தெருவையே அழைத்தார். அவர்கள் வழக்கத்தில் மொய்யை ஒலிபெருக்கியில் சொல்லித்தான் எழுதுவார்கள். பந்தலுக்கு வந்த மொய்யைத் திருப்பினால் பெண்ணுக்கு ஆகாது. அது தெரிந்துதான் போனேன். மொய்த் தட்டில் வில்லைகளைக் கொட்டினேன்.

"என்னம்மா இது?" என்றார் எழுதியவர்.

"அண்ணாச்சி குடுத்த காசுதான். வாணாம்னா அவரையே சொல்லச் சொல்லு."

கடைக்காரர் வந்தார். தட்டைப் பார்த்தார், மணையில் இருந்த மகளைப் பார்த்தார். "எழுதுடே" என்றார். பட்டறைக்காரர் வீட்டு மொய் ஐந்து ரூபாய் என்று தெரு முழுக்கக் கேட்டது. கள்ளக்காசை யாராவது மொய்யாக எழுதுவார்களா? பந்தலில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் என் ஆத்திரம் அடங்கவில்லை.

வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்தாக வேண்டும். அடுத்த தையில் என் கல்யாணத்துக்குக் கடைக்காரர் வந்து ஐந்து ரூபாய் நோட்டும் கூடுதலாக ஒரு ரூபாய் நோட்டும் வைத்தார். மணையில் இருந்தபடியே, மொய் எழுதிய மாமாவிடம் ஊர் கேட்கச் சொன்னேன்.

"மாமா, நல்ல நோட்டான்னு வெளிச்சத்துல காட்டிப் பாத்துகினு எழுது."

மாமா அவசரப்படவில்லை. ஒவ்வொரு நோட்டாகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அதுவரை கடைக்காரர் கைகட்டி நின்றார்.