டிரம் காற்றின் மேல் போட்ட பழி

கிட்ட வந்து உட்காருங்க, சத்தம் போட்டுச் சொல்லக்கூடிய கதை இல்லை இது. கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலையில் பெட்டி பழுதானால் பெட்டிக்குப் பேர் கெடாது, பார்க்கப் போனவருக்குத்தான் கெடும். நான் எட்டாவதோடு நின்றவள். ஷூ கம்பெனியில் தையல் மிஷினிலிருந்து பில் போடும் கம்ப்யூட்டருக்கு மாறி, அவரிவரைக் கேட்டுக் கேட்டே லினக்ஸ் வரைக்கும் வந்தவள். நீங்களும் இதே தொழில் என்றால், என்னை மட்டும் தனியாகத் திட்டாதீர்கள்.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரி. மேனேஜர் இக்பால் பாய் காலையிலேயே போன் போட்டார். சர்வர் ஓடுகிறது, ஆனால் ஆபீசில் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் அதற்குள் போக முடியவில்லை. தோல் ஏற்றிய கன்டெய்னர் வாசலில் நிற்கிறது. இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்ட்டும் சர்வருக்குள். மதியத்துக்குள் வண்டி கிளம்பாவிட்டால் கப்பல் போய்விடும், தோல் வாங்கும் வெளிநாட்டுக்காரன் அடுத்த ஆர்டரும் தரமாட்டான்.

ரப்பர் வைத்தியம்

டிரம்மில் தோல் ஊறும் இடத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தால் அங்கிருந்து வரும் காற்றில் வெள்ளிக் கொலுசே கறுத்துப்போகும். கம்ப்யூட்டர் கார்டு எம்மாத்திரம்? அதனால் நெட்வொர்க் போச்சு என்றால் எங்கள் பக்கத்து சர்வீஸ்காரர்கள் முதலில் செய்வது ஒன்றுதான். நெட்வொர்க் கார்டைக் கழற்றி, பள்ளிக்கூட ரப்பரால் அதன் பல்லைத் தேய்ப்போம். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதெல்லாம் அப்புறம். நானும் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. வேலைதான் செய்யவில்லை.

"டிரம் காத்து தின்னுடுச்சு பாய்" என்று அடித்துச் சொன்னேன். அவர் நேரே டிரம் செக்‌ஷனுக்குப் போய், கதவைத் திறந்து போட்டதற்காக அங்கே டிரம் ஓட்டும் முனுசாமியை எல்லார் முன்னாலும் காய்ச்சிவிட்டார். முனுசாமி கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றார். முகத்தில் கோபம்கூட இல்லை.

"நேத்து பூரா கரெண்டே இல்லக்கா, இன்னிக்கு காலைலதான் வந்துச்சு. டிரம் சுத்தவே இல்ல. இன்னா காத்து வந்திருக்கும்?"

எல்லாம் ஒரே மாதிரி

தோற்றதாகக் காட்டிக்கொள்ளக் கூடாதே. பையிலிருந்த புதுக் கார்டைப் போட்டேன், அதே கம்பெனி, அதே மாடல். அதுவும் ஊமை. பழசும் ஊமை, புதுசும் ஊமை என்றால் கோளாறு கார்டில் இல்லை என்று அப்போதாவது தோன்றியிருக்கணும். நான் சுவரில் எல்லா நெட்வொர்க் கேபிளும் வந்து சேரும் சுவிட்ச் பெட்டி மேல் சந்தேகப்பட்டு, கேபிள்களைப் பிடுங்கி மாற்றி மாற்றிச் சொருகினேன்.

சென்னையிலிருந்து முதலாளி போன். அவர் செல்லில் ஃபேக்டரி கேமரா எல்லாம் இருட்டாகத் தெரிகிறதாம். இக்பால் பாய் "ஜி, ஜி" என்று கேட்டு முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணு ஓடலன்னு கூப்ட்டேன்க்கா. இப்ப எதுவும் ஓடல. பாக்க ஒரே மாதிரியா இருக்கு."

யார் தொட்டது

கேபிள்களைப் பழையபடி சொருகிவிட்டு, லினக்ஸுக்கு மூளை மாதிரியான கெர்னல் எழுதிவைத்திருந்த மெசேஜைப் படித்தேன். வந்தவுடன் படித்திருக்க வேண்டியது. கார்டு இருக்கிறது, ஆனால் அதோடு பேச டிரைவர் இல்லை என்றது. எங்கள் ஊரில் உருது மட்டும் தெரிந்தவருக்கும் தமிழ் மட்டும் தெரிந்தவருக்கும் நடுவில் ஒருத்தர் நின்று பேசிக் கொடுப்பாரே, டிரைவர் அந்த மாதிரி. இந்தக் கார்டின் டிரைவர் கெர்னலோடு வராது. ஒவ்வொரு புதுக் கெர்னலுக்கும் நாம்தான் தனியாகச் செய்து வைக்கணும்.

போன மாத சர்வீஸில் புதுக் கெர்னல் ஏற்றியிருந்தது, டிரைவர் செய்யாமல் விட்டிருந்தது. பழைய கெர்னலையும் அழித்திருந்தது. 'ஓடிக்கொண்டிருப்பதையே அழிக்கிறாய், நிறுத்தட்டுமா?' என்று கம்ப்யூட்டர் கேட்டதற்கு 'வேண்டாம்' என்று பதில் போயிருந்தது. மெஷினை அணைக்காதவரை பழசே ஓடியது. நேற்று கரெண்ட் போய், யூபிஎஸ்ஸும் தீர்ந்து, மறுபடி எழுந்தபோது எழுந்தது புதுசு.

"போன மாசம் யாரோ சரியா பாக்காம செஞ்சிருக்காங்க பாய்" என்றேன்.

"போன மாசம் இந்தக் கீபோர்டத் தொட்டது நீங்க ஒருத்தர்தான்க்கா."

லாரிக்காரர் செல்

டிரைவர் செய்யத் தேவையான ஃபைல் நெட்டில் இருக்கிறது. நெட் வரக் கார்டு ஓடணும். கார்டு ஓட டிரைவர் வேணும். இந்தக் கிணற்றில் நீங்களும் விழுந்திருப்பீர்கள். செல்போனை வயரில் சொருகி அதன் நெட்டை வாங்கித்தான் ஏறி வரணும். என் செல்லில் டேட்டா தீர்ந்திருந்தது. பாயிடம் கேட்க முகம் இல்லை. வாசலில் கன்டெய்னர் லாரிக்காரர் படம் பார்த்துக்கொண்டிருந்தார், அரக்கோணத்து ஆள். கெஞ்சி அவர் செல்லை வாங்கி வந்தேன், அவரும் கூடவே வந்தார்.

ஃபைல் பாதி இறங்கும்போது செல் அடித்தது. மனுஷன் வயரிலிருந்து செல்லைப் பிடுங்கிக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். திரும்பி வந்தவரை நான் பார்த்த பார்வைக்குப் பதில் சொன்னார்.

"ஊட்ல கூப்ட்டு நான் எடுக்காம இருந்தா உங்க வேல முடியும்க்கா. என் கதயும் முடிஞ்சிடும்."

பெட்டி ஓடுதே

திரும்ப முதலிலிருந்து இறக்கினேன். மதியம் ஆகப்போகிறது. பின்னால் வந்து நின்ற இக்பால் பாய் திரையைப் பார்த்தார். பிறகு மேஜை டிராயரைத் திறந்து ஒரு பென்டிரைவை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"பேப்பர் இந்தப் பெட்டிக்குள்ளதானேக்கா இருக்கு? பெட்டிதான் ஓடுதே. இதுல எடுத்துக் குடுங்க, நான் ஆபீஸ் ரூம்ல பிரின்ட் போட்டுக்கறேன்."

ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் காப்பி ஆகிவிட்டது. பேப்பரை வாங்கிக்கொண்டு லாரி கிளம்பியது, செல்லும் அதோடு போனது. கார்டு டிரைவருக்கு வேண்டிய ஃபைல் அதற்கு முன்பே சர்வரில் இறங்கியிருந்தது. நான் தனியாக உட்கார்ந்து செய்து முடித்தேன். கார்டில் பச்சை விளக்கு எரிந்ததை யாரும் வந்து பார்க்கவில்லை.

இன்றைக்கும் அந்த டேனரியில் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள், என்ன, நான் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் இக்பால் பாய் சர்வரில் இருக்கிற பேப்பரையெல்லாம் பென்டிரைவில் எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டுவிடுகிறார், அப்புறம்தான் "வாங்கக்கா, டீ சாப்புடுங்க" என்கிறார்.