கலிலேயா தூரம், செம்பவாங் பக்கம்

சபையாரே, சாட்சி சொல்வது நல்ல மனிதர்களின் வேலை என்று நினைத்திருந்தேன். இன்று நானும் சொல்கிறேன் என்றால், ஆண்டவர் தரத்தைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறார் என்று அர்த்தம்.

போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் ஒரு வியாழக்கிழமை, அண்ணி போன் செய்தார். "தம்பி, அண்ணனுக்கு வர்ற செவ்வாய்க்கிழமை பைபாஸ் ஆபரேஷன். நான் சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க." நான் எங்கே சொல்ல? நாங்கள் பேசியே நாலு வருஷம் ஆகியிருந்தது.

சண்டைக்குக் காரணம் சொத்து இல்லை. ஒட்டகம்.

அம்மா இறந்த நாற்பதாம் நாள் ஜெபக்கூட்டம். அண்ணன் நம் தீவின் வடகோடியில், செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டர். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர். அன்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து வாசித்தார். ஐசுவரியவான் பரலோகம் போவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்று இயேசு சொன்னாரே, அந்த ஊசியின் காது என்பது எருசலேமில் இருந்த ஒரு சின்ன வாசலாம். ஒட்டகம் சுமையை இறக்கி, மண்டியிட்டால்தான் நுழைய முடியுமாம். அம்மாவும் அப்படி மண்டியிட்டே உள்ளே போனவள் என்றார். பின்வரிசையிலிருந்து நான், "அண்ணே, அப்படி ஒரு வாசலே கிடையாது. டூரிஸ்ட் கைடு விட்ட கதை" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதன்பின் ஆலயத்துக்கே வரவில்லை.

யூதர்களின் பழக்கவழக்கம் தெரிந்தால் வேதம் கண்முன் விரியும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவன் நான். அந்தப் படிப்பை வைத்து முதலில் சாதித்தது இதைத்தான்.

மூன்று நாள் உபவாசம் இருந்தேன். "ஆண்டவரே, அண்ணனைக் காப்பாற்றும்" என்று வாய் ஜெபித்தது. மனசு அந்த மடித்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில், "என்ன செய்யணும்னு நீரே சொல்லும்" என்று அழுதேன்.

ஞாயிறு, லிட்டில் இந்தியாவில் எங்கள் ஆலயத்தில் வேதபாட வகுப்பு. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகும்படி இயேசு சொன்ன பகுதி. உற்சாகமாகப் பலகையில் வரைபடம் போட்டேன். "இதைக் கேட்டவர்கள் கலிலேயர்கள். பலிபீடமோ எருசலேமில். பலியை அங்கேயே விட்டுவிட்டு மூன்று நாலு நாள் நடந்து ஊருக்குப் போய், மன்னிப்புக் கேட்டு, மறுபடி அவ்வளவு தூரம் நடக்கணும். அந்த ஜனங்களுக்குத்தான் இயேசு 'போ' என்றார்."

அம்மாவின் ஜெபக்கூட்டத்துக்கும் வந்திருந்த முன்வரிசை மெர்சி ஆன்ட்டி கை தூக்கினார். "பிரதர், உங்க அண்ணன் வீடு எங்க?"

"செம்பவாங்."

"எம்ஆர்டி ரயில் இருக்கு லா. டோபி காட் ஸ்டேஷன்ல ஒரு தடவை மாறணும். அவ்வளவுதான?"

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. நான் கேட்ட பதில், கேள்வியாக வந்துவிட்டது. மார்க்கரை மேசைமேல் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

அண்ணன்தான் கதவைத் திறந்தார். இளைத்திருந்தார். "என்ன, பாடம் எடுக்க வந்தியா?"

"இல்லண்ணே. அம்மா ஜெபக்கூட்டத்துல உங்களை அவமானப்படுத்திட்டேன். மன்னிச்சிடுங்க."

அண்ணன் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை. பிறகு, "அந்த வாசல் நிஜமாவே இல்லையாடா?"

பொய் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். "இல்லண்ணே."

"தெரியும். நாலு வருஷமா தேடிப் பார்த்துட்டேன். நீ சொன்னது சரியா வேற இருந்துச்சு. அதான் கோவமே." கதவை அகலத் திறந்தார். "உள்ள வா. ஜெபம் பண்ணு. சின்னதா."

மண்டியிட்டேன். அம்மாவைப் பற்றி அண்ணன் சொன்னது அப்போதுதான் புரிந்தது. வாசல் இல்லைதான். மண்டியிட வேண்டியது இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அண்ணன் இப்போது என் வகுப்பில் கடைசி வரிசை. நான் புத்திசாலித்தனமாக எதையாவது ஆரம்பித்தால் இருமுவார். ஆனாலும் அவர் ஆலயம் இல்லாமல் இருந்த அந்த நாலு வருஷத்தை நான் திருப்பித் தர முடியாது. அதை ஆண்டவரிடம் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உங்களுக்கும் ஒரு செம்பவாங் இருக்கும். ஜெபித்துவிட்டுக் கிளம்புங்கள். விட்டுவிட்டுப் போகும் காணிக்கை என்ன ஆகுமோ என்ற பயம் வேண்டாம். அடுத்த ஞாயிறு நான் வகுப்புக்குத் திரும்பியபோது, பாதி வரைந்த கலிலேயா பலகையில் அப்படியே இருந்தது. ஓரத்தில் மெர்சி ஆன்ட்டியின் கையெழுத்து: "அழிக்காதீர்கள். பிரதர் வருவார்."