தோளில் ஒரு பிறவி இடைவெளி

நகரியிலிருந்து சித்தூருக்கு நான் தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டுதான் போவேன். அங்கே ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் வேலை. ஒருநாள் எருமை குறுக்கே வந்ததென்று டிரைவர் போட்ட பிரேக்கில் நின்றவர்களெல்லாம் முன்னால் போய் விழுந்தார்கள். மேல்கம்பியை விடாமல் தொங்கியவன் நான் ஒருவன்தான். அந்தப் பெருமை அடுத்த ஸ்டாப் வரைக்கும் இருந்தது. அதற்கப்புறம் வலது கை காதுக்கு மேல் எழும்பவில்லை.

ஒரு மாதம் தைலம் தேய்த்தும் கேட்காததால் சித்தூரில் ஸ்கேன் எடுத்தோம். தோள்குழியைச் சுற்றி ரப்பர் வளையம்போல ஒரு சவ்வு இருக்கிறதாம். அது முன்பக்கம் எலும்பை விட்டுப் பிரிந்திருக்கிறது, துளை போட்டுத் தைக்க வேண்டும் என்று சொல்லி டாக்டர் தேதியும் குறித்துவிட்டார். எனக்குப் பயம் பாதி, கெத்து பாதி. ரிப்போர்ட்டைச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பார்க்க வந்தவர்கள் ஆப்பிளும் ஆளுக்கொரு கதையும் கொண்டுவந்தார்கள். தைத்த தோள் அப்படியே இறுகிப்போன ஒருவரின் கதையை என் மச்சான் சாவகாசமாகச் சொல்லி, காபியும் குடித்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து எனக்கு அதே யோசனைதான். கூழ் டிரம்மை எட்டிப் பிடிக்க முடியாதவனை எந்தத் தொழிற்சாலை வைத்துக்கொள்ளும்?

இன்னொருவரிடம் காட்டலாம் என்று மனைவிதான் திருப்பதிக்கு இழுத்துப்போனாள். அங்கே ஒரு பெண் டாக்டர். ஸ்கேனை ஓரமாக வைத்துவிட்டு முதலில் என் கையைப் பிடித்தார். தள்ளினார், மடக்கினார், தோள் நழுவுகிற மாதிரி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். கையைக் குறுக்கே நீட்டி, கட்டைவிரலைக் கீழே திருப்பி அழுத்தியபோது மட்டும் ஐயோ என்று கத்திவிட்டேன். வலித்தது தோளின் உச்சியில், முன்பக்கத்தில் இல்லை. அப்புறம்தான் படத்தைத் திரையில் போட்டு வெகுநேரம் பார்த்தார்.

"முன்னாடி எதுவும் கிழியலப்பா. உனக்கு அந்த எடத்துல சவ்வே கிடையாது. புட்டுகதோனே லேது, பொறவியிலேயே அப்படி."

சிலருக்கு அப்படித்தான் அமையுமாம். பக்கத்து நார் ஒன்று கயிறாகத் தடித்து அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளுமாம். கிழிந்திருந்தால் ஓரம் பிசிறாக இருக்கும், இது வழுவழுவென்று இருக்கிறது. அதைக் கிழிசலென்று எண்ணி எலும்போடு தைத்தால் கை வெளிப்பக்கம் திரும்பாமல் மாட்டிக்கொள்ளும். நிஜக் கிழிசல் உச்சியில், சின்னது. அதற்குப் பயிற்சி போதும், கத்தி வேண்டாம்.

நான் சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்குக் கோபம் வந்தது. நாற்பத்தாறு வருஷமாக ஒரு சாமான் குறைச்சலோடு திரிந்திருக்கிறேன், ஒருத்தரும் சொல்லவில்லை. வந்த ஆப்பிளையெல்லாம் வேறு தின்று தீர்த்தாகிவிட்டது.

மனைவி அழுதேவிட்டாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மேடம், ஆபரேஷன் இல்லாம போச்சுன்னா இவரு கையால திருமலைக்கு ஏறுற அலிபிரி படி பூரா மஞ்சா குங்குமம் வெக்கிறோம்னு வேண்டிக்கினேன். எப்போ போலாம்?" என்றாள். எனக்கே அப்போதுதான் தெரியும்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். மூவாயிரத்து ஐந்நூறு படிக்கு மேல் இருக்கிறது, அத்தனை தடவை குனிந்து கையை நீட்டினால் இருக்கிற சவ்வும் போய்விடும் என்றார். இடது கையால் வைக்கட்டுமே என்று சொல்ல வந்தவர், திருப்பதிக்காரர் இல்லையா, பாதியிலேயே நாக்கைக் கடித்துக்கொண்டார். கடைசியில், மூன்று மாதம் கழித்து மனைவி வைப்பது, நான் தட்டு ஏந்துவது என்று முடிவானது. அதை மருந்துச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டாள். சாமிக்குக் காட்ட வேண்டுமாம்.

மூன்று மாதம் கதவுக் கைப்பிடியில் ரப்பர் பட்டையைக் கட்டி இழுத்தேன். ஆபரேஷன் இல்லை என்றதும் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கட்டைவிரல் விழுந்தது, அவ்வளவுதான்.

மூன்று மாதம் முடிந்த மறுநாள் விடிந்ததும் அலிபிரியில் ஆரம்பித்தோம். அவள் குனிந்து குனிந்து ஒவ்வொரு படிக்கும் வைத்துக்கொண்டே போனாள். நான் இடது கையில் தட்டோடு பின்னால் போனேன். ஏறிக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா என்னைத் தெலுங்குக்காரன் என்று நினைத்து, பக்கத்திலிருந்தவளிடம் தமிழில் சொன்னாள், "ஆம்பள ராஜாவாட்டம் வரான் பாரு, பொம்பள குனிஞ்சி சாவுறா." சவ்வைப் பற்றி அவளுக்கு விளக்க வாயெடுத்தேன். மனைவி ஒரு பார்வை பார்த்தாள், அடங்கிவிட்டேன்.

கடைசிப் படியில் எல்லோரும் கோவிந்தா என்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார்கள். தட்டைக் கீழே வைத்துவிட்டு நானும் தூக்கினேன். வலது கை காதைத் தாண்டி மேலே போனது. வலிக்கவே இல்லை. அவளிடம் காட்டத் திரும்பினேன். முழங்கைவரை மஞ்சளோடு அவள் வலது கை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

"எனுக்குக் கை ஏறலிங்க," என்றாள்.

அவள் மணிக்கட்டைப் பிடித்து, வலிக்காமல் மெதுவாக, அந்தக் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.