கெரின் மட்டாக் சொன்ன முழு உண்மை

ஆஸ்திரேலியக் கடற்கரையில் இருக்கும் எங்கள் யெப்பூனில் பழிவாங்குவது சுலபமில்லை. ஊர் சிறியது, யார் முதுகில் குத்தினோமோ அவரையே மறுநாள் காலை ரொட்டிக் கடையில் பார்த்து நலம் விசாரிக்க வேண்டியிருக்கும். கெரின் மட்டாக் அதையும் சாதித்தாள், ஒரு பொய்கூடச் சொல்லாமல்.

முப்பத்தைந்து வயதிலும் அவளை முகப்பரு விட்டபாடில்லை. வேலையோ மருந்துக் கடையில், முகப்பூச்சு விற்கும் பகுதியில். வழுக்கைத் தலையன் சீப்பு விற்கிற கதை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். மற்றவர் சொன்னால் பொறுக்க மாட்டாள். மற்றவர் என்றால் டாம்சின் விட்லோ. கடற்கரைக் காப்புச் சங்கத்தின் பெண்கள் படகில் இருவரும் துடுப்புப் போடுகிறவர்கள்.

வெண்ணெய் இறங்குவதற்கென்றே ஓட்டை ஓட்டையாக இருக்கும் கிரம்பெட் ரொட்டியின் பெயரைக் கெரினுக்கு வைத்தவள் டாம்சின். எங்கள் பக்கம் பட்டப்பெயரைச் சிரித்துக்கொண்டே ஏற்க வேண்டும். முகம் சுளித்தால் அது நிரந்தரமாகிவிடும். கெரின் சிரித்தாள். நிரந்தரமாகத்தான் ஆயிற்று.

சென்ற ஆண்டு அணி கோப்பை வென்றபோது, சங்கக் கூடத்துச் சுவருக்காகப் படம் எடுத்தார்கள்.

"கிரம்பெட், நீ பின்னால போயிரு. சின்னப் பிள்ளைங்கல்லாம் பார்க்கிற சுவர்டி," என்றாள் டாம்சின்.

கெரின் போனாள். படத்தில் அவள் தொப்பி மட்டும் விழுந்தது. அன்றே, முகப்பருவுக்குப் பூசும் ‘ரெட்டினால்’ சீரம் ஒன்றை வாங்கினாள். அடுத்த ஆண்டுப் படத்தில் டாம்சினைப் பின்வரிசைக்கு அனுப்புவது என்று முடிவும் செய்தாள்.

முதலில் பரு கூடியது; தோல் உரிந்தது. அவள் அவசரப்படவில்லை. பகை அவளுக்குப் பொறுமை கற்றுக்கொடுத்திருந்தது. எங்கள் பக்கத்துக் குளிர்காலமான ஜூலை வந்தபோது அவள் முகம் தெளிந்திருந்தது. டாம்சினின் தாடையில்தான் இப்போது நாலைந்து பருக்கள். படம் எடுக்கச் சில வாரங்களே இருந்தன. டாம்சின் கடைக்கு வந்தபோது நான் இருமல் மிட்டாய்க்காக நின்றிருந்தேன்.

"என்னடி போடுறே? மறைக்காம சொல்லு."

"இந்த சீரம்தான். ராத்திரி, பட்டாணி அளவு. ஆரம்பத்துல வாரத்துக்கு ரெண்டு நாள் போதும். மேல க்ரீம். பகல்ல சன்ஸ்க்ரீன் கட்டாயம்."

"குளிர்காலத்துல எதுக்கு சன்ஸ்க்ரீன்?"

"குளிர்காலத்துலயும் போடணும்."

"வாரத்துக்கு ரெண்டு நாள்னா படத்துக்குள்ள ஒண்ணும் ஆகாது. அதானே உனக்கு வேணும்?"

"எப்படி வேணா நினைச்சுக்கோ. தினமும் போட்டா முகம் எரிஞ்சு உரியும். சொல்லிட்டேன்."

டாம்சின் உதட்டைச் சுழித்துவிட்டு, சீரத்தை வாங்கிக்கொண்டு போனாள். கெரின் என் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணு விடாம சொன்னேன்ல? கேட்டீங்கல்ல?"

"கேட்டேன். அவ நம்பலையே."

"நான் சொல்லி அவ என்னைக்கு நம்பியிருக்கா?"

அந்த அவநம்பிக்கைதான் கெரின் வைத்த பொறி என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. டாம்சின் தாராளமாக, தினமும் பூசினாள். பகலெல்லாம் கடலில் துடுப்புப் போட்டாள். ஜூலை வெயிலை வெயிலாக மதிப்பது எங்கள் ஊர் வழக்கமில்லை. மூக்கில் மட்டும், மரியாதைக்காக, சன்ஸ்க்ரீனால் வெள்ளையாக ஒரு கோடு இழுத்துக்கொள்வோம்.

படத்துக்கு இரண்டு நாள் முன்பு, வெந்த நண்டின் நிறத்தில் கடைக்குள் புகுந்தாள். மூக்கைத் தவிர எல்லா இடமும் உரிந்துகொண்டிருந்தது.

"இவ வேணும்னே பண்ணிட்டா!" என்று மருந்தாளரிடம் கத்தினாள்.

என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். கேட்டதை அப்படியே ஒப்பித்தேன். மருந்தாளர் டாம்சினைத்தான் கடிந்துகொண்டார்.

டாம்சினின் குரல் இறங்கியது. "கெரின், படத்துக்குள்ள சரியாகிடுமா?"

"ஆகாது."

"மேல மேக்கப் போட்டா?"

"இன்னும் எரியும். நீ பின்னால நின்னுக்கோ."

டாம்சின் தலையாட்டினாள். கெரின் சாதாரண க்ரீம் ஒன்றை எடுத்து, எப்படிப் பூசுவது என்று நிதானமாகச் சொன்னாள். டாம்சின் ஒவ்வொரு வார்த்தையையும் நம்பிக் கேட்டுக்கொண்டாள். இனி அவளிடம் உண்மை ஆயுதமாகாது; கெரினுக்கு அதில் மட்டும் கொஞ்சம் ஏமாற்றம்.