டஸ்கனிக்குப் பத்து மில்லிமீட்டர் மழை

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை பிள்ளையார் கோயிலுக்குப் போய், என் மனைவி தொப்பலாக நனைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. இடி வேண்டாம், மின்னல் வேண்டாம். இத்தாலியில், டஸ்கனி மலைப்பக்கம், மத்தியானம் போல ஒரு பத்து மில்லிமீட்டர் மழை. பிள்ளையாருக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

நான் சனி, ஞாயிறுகளில் சைக்கிள் ஓட்டுகிறவன். மெல்பர்னில் ஐம்பதைத் தொட்ட ஆண்களைப் பிடிக்கிற வியாதிகளில் இதுவும் ஒன்று. உடம்பைப் பிடிக்கிற லைக்ரா உடை, கறுப்புக் கண்ணாடி, காபிக் கடை வாசலில் நின்றுகொண்டு சைக்கிள் செயினைப் பற்றி அரைமணி நேரப் பேச்சு... எல்லாம் உண்டு. இந்த வியாதி முற்றினால் டஸ்கனியில் போய் ஒரு நாளாவது ஓட்டிவிட வேண்டும் என்று தோன்றும். எனக்கு முற்றிவிட்டது.

இரண்டு வருடம் திட்டம் போட்டேன். ஒரே நாள், அறுபத்திரண்டு கிலோமீட்டர், பதினோரு மேடுகள். ஒவ்வொரு மேட்டுக்கும் நம்பர் போட்டேன். அதில் ஒன்பதாம் நம்பர்தான் என் கனவு. வெள்ளை மண் சாலை, இரண்டு பக்கமும் சைப்ரஸ் மரங்கள், உச்சியில் தனியாக ஒரு கல்வீடு. நூறு மீட்டர் போனால் பதினான்கு மீட்டர் ஏறியிருப்போம். முழங்கால் கெஞ்சும். அந்த மேட்டின் படம்தான் என் ஆபீஸ் கம்ப்யூட்டரின் முகப்பு.

எத்தனை மணிக்குக் கிளம்புவது, எந்த மேட்டை எத்தனை நிமிடத்தில் ஏறுவது, காபிக்குப் பன்னிரண்டு நிமிடம் — எல்லாவற்றையும் ஒரே தாளில் அச்சடித்து லேமினேட் செய்தேன். என் மனைவி சுமதிக்கு ஒன்று, எனக்கு ஒன்று. சுமதிக்கு சைக்கிள் மேல் பெரிய ஆசை எல்லாம் கிடையாது. நான் நச்சரித்ததால் சரி என்றிருந்தாள்.

கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது, இரவுச் சாப்பாட்டில் ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, உங்களுக்கு விசா வேணாமா?"

சாப்பாட்டை விட்டு எழுந்து போய் என் இந்திய பாஸ்போர்ட்டைத் தேடினேன்.

இங்கே ஒரு சின்ன பிளாஷ்பேக். எட்டு வருடத்துக்கு முன்னால் சுமதி ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கினாள். டவுன் ஹாலில் விழா. உறுதிமொழி சொன்ன எல்லோருக்கும் சின்னத் தொட்டியில் ஒரு உள்ளூர்ச் செடி கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு அவள் சிரிக்கிற போட்டோவை நான்தான் எடுத்தேன். அன்றிலிருந்து அவளை "வெள்ளைக்காரம்மா" என்று கிண்டல் செய்வது என் வாடிக்கை. போகிற விருந்தில் எல்லாம், "நான் கடைசிவரைக்கும் இந்தியன்தாங்க" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவேன். கை தட்டுவார்கள்.

உண்மையைச் சொல்லட்டுமா? படிவம் நிரப்பச் சோம்பேறித்தனம். அதற்குப் போட்டுக்கொண்ட சட்டைதான் தேசப்பற்று.

ஆஸ்திரேலிய பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு இத்தாலிக்குள் அவள் பாட்டுக்கு நடந்து போகலாம். எனக்கு விசா வேண்டும். பதினோரு மேட்டின் சரிவையும் மனப்பாடம் செய்தவன், என் பாஸ்போர்ட்டைத் திறந்தே பார்க்கவில்லை. விசாவுக்கு நேரில் வரச் சொல்லிக் கிடைத்த முதல் தேதி, விமானம் கிளம்பி ஒரு வாரத்துக்குப் பிறகு. யாரைக் குறை சொல்ல?

"அப்ப நானும் போகலைங்க" என்று சுமதி சொல்லுவாள் எனக் காத்திருந்தேன். ஒரு நாள் போனது. இரண்டு நாள் போனது. இருபத்திமூன்று வருடத் தாம்பத்தியம், இந்த ஒரு வாக்கியம் கூடவா வராது?

வரவில்லை. மூன்றாம் நாள் ஜெசிந்தா அக்கா வந்தார்.

ஜெசிந்தா அக்கா, சுமதி வேலை பார்க்கும் மருத்துவமனையில் சீனியர் நர்ஸ். சொந்த ஊர் இலங்கையில் மன்னார். வயது ஐம்பத்தெட்டு. இத்தாலியில் மாதா கோயில்கள் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மெதுவாக விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி, குறை நினைக்காதேங்கோ. உங்கட இடத்துக்கு நான் போறன். சைக்கிள் ஓடுவன். மன்னாரில பள்ளிக்கூடத்துக்கு சைக்கிள்லதான் போனனான்."

மன்னாரில் மேடு இருக்கிறதா அக்கா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, ஒன்றுகூட இல்லை, எல்லாம் சமதரை என்றார். விமான டிக்கெட்டை அவரே வாங்கிக்கொண்டார். அறை, சைக்கிள், லேமினேட் தாள்... எல்லாம் என்னுடையது.

ஏர்போர்ட்டில் கையசைத்தேன். நன்றாகத்தான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு வாட்ஸப்பில் படம் வர ஆரம்பித்தது. சுமதி ஜெலாட்டோ ஐஸ்கிரீமோடு. ஜெசிந்தா அக்கா மாதா கோயில் படியில். இருவரும் திராட்சைத் தோட்டத்தில். ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் பெரிதாக்கி, மேகம் எங்காவது தெரிகிறதா என்று பார்த்தேன். யூனிவர்சிட்டியில் படிக்கும் என் மகள் மீரா, தோளுக்குப் பின்னால் நின்று இதைக் கவனித்துவிட்டாள்.

"அப்பா, யூ ஆர் ஸோ ஜெலஸ்."

எனக்கென்ன பொறாமை என்றேன். குரல் எனக்கே கேவலமாக இருந்தது. ஆமாம், பொறாமைதான். வயிறு எரிந்தது. சமதரை ஊர்க்காரர் என் ஒன்பதாம் நம்பர் மேட்டில் ஏறப்போகிறார். நான் மெல்பர்னில், ரோவில் வீட்டில் உட்கார்ந்து துணி மடிக்கிறேன்.

அவர்கள் சைக்கிள் ஓட்டும் சனிக்கிழமை வந்தது. டஸ்கனியில் நாள் முழுக்க வெயில் என்றது போன். பொறுக்கவில்லை. சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு பேசினுக்குப் போனேன். டான்டினாங் மலை ஆரம்பிக்கிற இடம். அங்கே பிள்ளையாரும் இருக்கிறார், மலையேறும் சாலையும் இருக்கிறது. கும்பிட்டுவிட்டு ஓட்டினால் மனசு ஆறும் என்ற எண்ணம்.

அர்ச்சகர், யார் பேருக்கு அர்ச்சனை என்று கேட்டார். வேண்டுதல் அவளைப் பற்றியதுதானே? சுமதி, சித்திரை நட்சத்திரம் என்றேன். ஊருக்குப் போயிருக்காங்களா என்றார். தலையாட்டினேன். அவர் அவளுக்காக மந்திரம் சொல்லச் சொல்ல, பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நான் பிள்ளையாரிடம் மழை கேட்டேன். ஒன்பதாம் மேட்டுக்கு முன்னாலேயே பெய்து, இரண்டு பேரும் அறைக்குத் திரும்பிவிட வேண்டும் என்பதுதான் விண்ணப்பம். "அம்மா நல்லபடியா வருவாங்க" என்று சொல்லி, அர்ச்சகர் கை நிறையச் சுண்டல் கொடுத்தார். அதைத் தின்றுவிட்டு மலையேறினேன். மனசு ஆறவில்லை. சுண்டல் மட்டும் நன்றாக இருந்தது.

இரவு எட்டரைக்கு சுமதியிடமிருந்து ஒரு மெசேஜ். அங்கே அப்போது மத்தியானம்.

"செம மழை. அப்புறம் பேசுறேன்."

துள்ளிக் குதித்தேன் என்றால் நம்புவீர்களா? குதித்தேன். பிள்ளையாரப்பா, என்ன வேகம்.

ஒன்பதரைக்கு, எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டு ஒரு மெசேஜ் அனுப்பினேன். பதில் இல்லை. கூப்பிட்டேன். போன் அணைந்திருந்தது. ஜெசிந்தா அக்காவின் போனும் போகவில்லை.

அப்போதுதான் உறைத்தது. வெள்ளை மண் சாலை மழையில் என்ன ஆகும்? களிமண் ஆகும். நூறுக்குப் பதினான்கு மீட்டர் ஏற்றம் என்றால், மறுபக்கம் அதே அளவு இறக்கம். ஈரத்தில் பிரேக் பிடித்தால் சறுக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும், சுமதிக்குத் தெரியாது. அந்தப் பத்து மில்லிமீட்டரை அவள் மேல் ஊற்றச் சொன்னது நான்.

மீரா, அம்மாவுக்குச் சார்ஜ் தீர்ந்திருக்கும் என்றாள். எனக்கு ஏறவில்லை. வேண்டியதைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகப் பிள்ளையாரிடம் சொன்னேன். மழை வேண்டாம், ஒன்பதாம் மேடு வேண்டாம், என் சைக்கிளைக்கூட விற்றுவிடுகிறேன், அவள் குரல் கேட்டால் போதும். அன்று படுத்தேனே தவிரத் தூங்கவில்லை.

ஞாயிறு காலை ஆறரைக்குப் போன் அடித்தது.

"ஏங்க, தூங்கிட்டு இருந்தீங்களா? இன்னைக்கு மாதிரி ஒரு நாள் என் வாழ்க்கையிலயே இல்லீங்க."

குரல் கேட்டதும் கண்ணில் நீர் வந்துவிட்டது. நிஜமாகவே. ஆனால் அது ஒரு நிமிடம்தான். அவள் சொல்லச் சொல்ல பயம் எழுந்து போனது. அந்த இடத்தில் பழைய பொறாமை வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

ஏழரைக்குக் கிளம்ப வேண்டியவர்கள் பத்து மணிக்குக் கிளம்பியிருக்கிறார்கள். நான் பதிவு செய்த சைக்கிள்களைக் கடையிலேயே மாற்றி, பேட்டரி சைக்கிள் எடுத்திருக்கிறார்கள். பேட்டரி! வழியில் தெரிந்த சின்னக் கோயில்களில் எல்லாம் ஜெசிந்தா அக்கா இறங்கி மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறார். அறுபத்திரண்டு கிலோமீட்டரில் மொத்தம் ஓட்டியது பத்தொன்பது. குறுக்குச் சாலையில் போய் ஒரு குன்றின் உச்சியை அடைந்தபோது மழை பிடித்துக்கொண்டது. அங்கே ஒரு கல்வீடு. இரண்டு பக்கமும் சைப்ரஸ்...

ஒன்பதாம் நம்பர்தானே அது என்று கேட்டேன்.

"அதுதான் ஒன்பதா? மேடு மாதிரியே தெரியலையேங்க. ஊறுகாய்க்கு எவ்வளவு உப்புன்னு ஜெசிந்தாக்கா சொல்லிட்டே வந்தாங்க, அதுக்குள்ள மேலே வந்துட்டோம்."

திராட்சை அறுவடைக் காலமாம். அந்த வீட்டில் வேலையாட்களோடு இவர்களையும் உட்காரவைத்து அவரைக்கொட்டை சூப்பும் ரொட்டியும் கொடுத்தார்களாம். அடுப்பங்கரைச் சுவரில் மாதா படத்தைப் பார்த்ததும் ஜெசிந்தா அக்காவும் அந்த வீட்டு அம்மாவும், ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாமலேயே மூன்று மணி நேரம் பேசினார்களாம். இருவர் போனும் நனைந்து அணைந்துபோய், இரவு அறையில் காயவைத்த பிறகுதான் உயிர் வந்ததாம். சாயந்திரம் வீட்டுக்காரரே சைக்கிள்களை டிரக்கில் ஏற்றிக்கொண்டு, அறை வாசலில் இறக்கிவிட்டாராம்.

போனை வைக்கும் முன் சொன்னாள். "உங்க பிளான் ரொம்ப உதவியா இருந்ததுங்க."

சின்னதாக ஒரு பெருமை. என் உழைப்பு வீண் போகவில்லையே.

அடுத்த வாரம் அவள் ஊர் திரும்பி, பெட்டியைப் பிரித்தபோது அந்த லேமினேட் தாளைப் பார்த்தேன். நடுவில் பள்ளமாக வளைந்திருந்தது. நாலு மூலையிலும் ஓட்டை, ஓட்டையில் கயிறு.

"சீட் மேல கட்டி வெச்சேங்க. சைக்கிள் வெளியில மழையில நின்னுச்சுல்ல... ஒரு சொட்டு நனையலை," என்றாள் சுமதி.

அதற்கு மேல் மறைக்கத் தெம்பில்லை. பேசின், அர்ச்சனை, பத்து மில்லிமீட்டர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். துணிகளை எடுத்து வைத்தபடியே கேட்டாள். கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"அந்த மழை பெய்யலைன்னா அந்த வீட்டுக்குள்ளயே போயிருக்க மாட்டோம். அடுத்த வருஷம் நானும் அக்காவும் போர்ச்சுகல் போறோம். நீங்க இங்கயே இருந்து, இதே மாதிரி ஒரு அர்ச்சனை பண்ணிடுங்க."

அன்று மத்தியானமே குடியுரிமைப் படிவத்தைத் திறந்து உட்கார்ந்தேன். எட்டு வருடமாக என்னைத் தடுத்த தேசப்பற்று, பொறாமைக்கு முன்னால் கால்மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

விழாவில் எனக்கும் ஒரு செடி கொடுப்பார்கள். எட்டு வருடத்துக்கு முன் சுமதி நட்டது, இன்று எங்கள் வேலியைத் தாண்டி நிற்கிறது. அதற்குப் பக்கத்திலேயே நட இடம் பார்த்து வைத்துவிட்டேன்.

அவளுடையதைவிட உயரமாக வளருகிற ரகம் எது என்று உங்களில் யாருக்காவது தெரியுமா?