அப்பாவைக் கூப்பிட்ட குவிமாடம்

மதுக்கரையில் சிமெண்டு ஆலை எழும்பிக்கொண்டிருந்த வருஷம். எனக்கு ஏழு வயது. அந்தப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து நிலக்கடலை மூட்டைகளோடு கோயமுத்தூர் போயிருந்தோம். மூட்டைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, குவிமாடம் வைத்த பெரிய மாதாகோவிலைக் கண்டதும் அம்மா, "ஏனுங்க, ஒருக்கா உள்ளே போய்ப் பார்த்துப்போட்டு வந்தர்றனுங்க" என்றாள். ஒவ்வொரு முறையும் வண்டியிலிருந்தே அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனவள் அவள்.

மாடுகளைக் காரணம் காட்டி அப்பா வெளியே நின்றுகொண்டார். உள்ளே போய் என்ன செய்வதென்று தெரியாததுதான் நிஜக் காரணம். தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை.

கோவிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் எங்களை விருந்தாளிகளைப் போல அழைத்துப்போனார். அரக்கனை மிதித்து வாளோங்கி நின்ற சம்மனசு என்னும் தேவதூதர் சிலையைப் பார்த்ததும் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வர்ணக் கண்ணாடி வழியே விழுந்த வெயில் அவளுடைய வெளுத்த சேலையைப் புதுச்சேலையாக்கியது. குவிமாடத்தின் நேர் கீழே வந்ததும் உபதேசியார் நின்றார்.

"இங்கே நின்னு மெதுவாப் பேசுனாலே போதுமுங்க அம்மணி. மேலே போய்ச் சுத்திட்டு வரும்."

நான் "கூ" என்றேன். மேலே பத்துக் குயில்கள் கூவின. அம்மாவையும் பேசச் சொன்னேன். மாட்டேன் என்று தலையாட்டிவிட்டாள்.

பிறகு உபதேசியார் என்னை மட்டும் வாசற்பக்கம் கூட்டிப்போய் மணிக்கயிற்றைக் காட்டினார். அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து அப்பாவின் பெயர் கேட்டது. உருண்டு உருண்டு மூன்று நான்கு தடவை. அந்தப் பெயரை அத்தனை ஆசையாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

வெளியே ஓடினேன். "அப்பா, உள்ளே உங்களைக் கூப்புடறாங்க."

"ஆரு கண்ணு?"

"தெரியலீங்க. பேரு சொல்லிக் கூப்புடறாங்க."

அப்பா தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். உபதேசியாரைப் பார்த்துக் கைகூப்பி, "கூப்புட்டீங்களாமுங்க" என்றார்.

"நான் கூப்புடலீங்களே. அங்கே அம்மணி மட்டுந்தானுங்க நிக்கிறாங்க."

அம்மா மேலே பார்த்தபடி நின்றாள். முந்தானை வாயை மூடியிருந்தது. வீட்டில் அவளுக்கு அப்பா "ஏனுங்க" மட்டும்தான். புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று நம்பிய காலம். அப்பா முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளப் பார்த்தார். முடியாமல் சம்மனசின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வண்டி குனியமுத்தூரைத் தாண்டியதும், மாடுகளிடம் சொல்வதுபோல அப்பா, "இன்னொருக்காக் கூப்புட்டாலும் வாரேன்" என்றார். அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

கூப்பிட்டவர் யாரென்று விசாரிக்காமலே வந்துவிட்டார்களே என்று எனக்குத்தான் வருத்தம். கோயமுத்தூர் மாதாகோவிலில் எங்கள் அப்பாவுக்கு வேண்டிய பெரிய மனுஷர் ஒருவர் இருக்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் வெகுநாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.